நூற்றுப் பத்து டெசிபல்

14 ஜனவரி 2019, திங்கள். ஹெல்சிங்கி

இசைப்பிரதியில் இன்னும் 212ஆம் கட்டத்திலேயே நிற்கிறேன். வெள்ளிக்கிழமையும் அங்கேதான் நின்றேன். இடையில் செய்த வேலைகள்: பென்சில்கள் எல்லாவற்றையும் சீவினேன். ஜன்னலைத் துடைத்தேன், வெளியே மைனஸ் பதினேழு, துடைத்த ஈரம் அப்படியே உறைந்துபோனது. குடியிருப்பின் பொதுத் துவைக்கும் அறையில் என் முறை நாளைக்கு என்பதை மறந்து இன்றே துணிக்கூடையோடு போய்க் கீழ்வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

காலையில் கொஸ்கிரந்தா இசைக்குழு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். நிகழ்ச்சிக் கையேட்டுக்கு நான் அனுப்பிய குறிப்பு கொஞ்சம் வறட்சியாக இருக்கிறதாம்.

"ஏரி, காடு, பனி, இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு சேர்க்க முடியுமா? வெளியூர்லேருந்து வர்றவங்க அதைத்தான் எதிர்பார்ப்பாங்க."

"படைப்போட பேரே 'நாலாம் இயந்திரம்'. காகித ஆலையைப் பத்தினதுங்க."

"ஆலை ஏரிக்கரையிலதானே இருக்கு?"

இதற்கு என்ன பதில் சொல்வது? பின்லாந்தில் பிறந்து இசை எழுத வந்தால் ஏரியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். எனக்கு நீந்தக்கூட வராது. நான் வளர்ந்தது ஏரிக்கரையில் அல்ல, ஆலைச் சங்கின் கீழே. எங்கள் ஊரில் நேரம் பார்க்க யாரும் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

முழு இசைக்குழுவுக்கு நான் எழுதும் முதல் படைப்பு இது. இருபத்தேழு வயதில் இந்த வாய்ப்பு, அதுவும் சொந்த ஊரில். பதினான்கு நிமிடம். அதில் கடைசி நான்கு நிமிடம் அறுபது பேரும் உச்சத்தில், மூச்சு விடாமல். அந்த நான்கு நிமிடத்துக்காகத்தான் முந்தைய பத்தும். அம்மா முப்பத்தைந்து வருடமாக நின்று வேலை செய்த கூடத்தின் சத்தம் அது. எட்டு வயதில் பள்ளியிலிருந்து கூட்டிப்போனபோது ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். காதைப் பொத்திக்கொண்டு அழுததாக ஞாபகம். அதைத்தான் அரங்கத்துக்குள் கொண்டு வரப் போகிறேன். வருகிறவர்கள் ஒருமுறையாவது அங்கே நிற்கட்டும்.

16 ஜனவரி

212ஐக் கிழித்துப் போட்டுவிட்டு 213இலிருந்து ஆரம்பித்தேன். ஓடுகிறது.

26 ஜனவரி, சனி. கொஸ்கிரந்தா

மூன்று மணி நேர ரயில். அம்மா நிலையத்துக்கு வரவில்லை, "சூப் அடுப்பில்" என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும். அவள் போனில் பேசவே மாட்டாள். எழுதினாலும் மூன்று சொல்லைத் தாண்டாது. அப்பா சுவீடனுக்குப் போன பிறகு இந்த வீட்டில் பேச்சுக்கே பஞ்சம் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. அதற்கு முன்பும் பெரிய பேச்சுக் கச்சேரி நடந்ததாக ஞாபகம் இல்லை.

சாப்பாட்டு மேசையில் நன்றாகத்தான் இருந்தாள். முகத்தையே பார்த்துக்கொண்டு, "இளைச்சிட்டே", "முடியை வெட்டு", "அந்தக் கோட்டு போதாது." எல்லாம் சரி.

பிறகு சனிக்கிழமை நீராவிக் குளியல், சவுனா. வழக்கம்போல இருவரும் மேல்பலகையில் பக்கத்துப் பக்கத்தில், அடுப்பைப் பார்த்தபடி. மங்கலான ஒரு விளக்கு. அம்மா கரண்டியால் சூடான கற்களில் தண்ணீர் ஊற்றினாள். சீறி அடங்கியது. நான் ரயிலிலேயே தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். இந்தப் படைப்பு உன் கூடத்தைப் பற்றியது, முதல் பக்கத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

அம்மா இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவ்வளவுதான். ஒரு தலையசைப்பு? ஒரு 'ம்'? ஒன்றும் கிடையாது. வியர்வையை வழித்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

இது முதல் தடவையா என்ன? பத்தொன்பது வயதில் இதே பலகையில் உட்கார்ந்துதான் சொன்னேன், பொறியியல் இடத்தை விட்டுவிட்டேன், இசை எழுதப் படிக்கப் போகிறேன் என்று. ஆலையிலேயே வேலை கிடைக்கும் என்று அவள் வாங்க வைத்த இடம் அது. மூன்று கரண்டி தண்ணீர், அப்புறம் மௌனம். 2015 கிறிஸ்துமசுக்கு வந்தபோது அதைவிடப் பெரிதைச் சொன்னேன். அந்த இலையுதிர் காலம் முழுக்கப் படுக்கையை விட்டு எழ முடியவில்லை, டாக்டர் ஒரு பருவம் விடுப்பு எழுதிக் கொடுத்தார், சில நாள் உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று. அதற்கு அம்மா கேட்டது: "இன்னும் தண்ணி ஊத்தவா?"

எங்கள் ஊரில் முக்கியமான விஷயத்தைச் சவுனாவில்தான் சொல்வது. அங்கே யாரும் கத்த மாட்டார்கள், எழுந்து கதவைச் சாத்த மாட்டார்கள். மௌனமும் ஒரு பதில்தான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்தான். இருந்தாலும் வலிக்கிறதே. கல்லுல தண்ணி ஊத்துனாக்கூட அது சீறவாவது செய்யுது.

3 பிப்ரவரி

என்னோடு படித்தவர்கள் எல்லாம் இப்போது சன்னமான இசைக்குப் போய்விட்டார்கள். வில்லைக் கம்பியில் தொட்டும் தொடாமலும் வைப்பது, புல்லாங்குழலில் வெறும் காற்றை ஊதுவது. கேட்பவர்கள் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். "மௌனத்தை எழுதுகிறோம்" என்கிறார்கள். எனக்கு மௌனத்தை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, நான் அதில் குடியிருந்தவள். போன வருடம் ஒரு விமர்சகர் என்னைப் பற்றி, "எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போடுகிறார்" என்று எழுதினார். ஆமாம், போடுகிறேன். அடிக்கோடு போட்டும் படிக்காதவர்கள் இருக்கிறார்களே!

உண்மையைச் சொல்லிவிடலாம், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். அம்மா ஆறாவது வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டும். ஓடிப்போக முடியாதபடி கேட்க வேண்டும். கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திட்டினாலும் சரி. எனக்கு அது போதும்.

15 பிப்ரவரி

பங்குத்தாள்கள் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக, அறுபது பேருக்கு. இரண்டு நாள் தூங்கினேன்.

27 பிப்ரவரி, புதன்

யல்மாரியிடமிருந்து மின்னஞ்சல். மேடையில் கோல் பிடித்துக் குழுவை நடத்தப்போகிறவன் அவன், முப்பத்து நான்கு வயது, எல்லோரிடமும் நல்லபேர் வாங்கப் பார்க்கிறவன். 'பிரமாதம்' என்று மூன்று தடவை எழுதிவிட்டு, கடைசியில்: "ஒஸ்மோவுக்கு முடிவுப் பகுதி பற்றி ஒரு சந்தேகம். நீயே பேசிவிடு."

ஒஸ்மோ இரண்டாம் பஸூன் வாசிப்பவர், அடிக்குரலில் ஒலிக்கும் நீளக் குழல். குழுவின் தொழில் பாதுகாப்புப் பிரதிநிதியும் அவர்தான். பேசினேன்.

"நான் டிரம்பெட்டுக்கு நேர் முன்னால உட்கார்றவன்," என்றார். "கடைசி நாலு நிமிஷம் என் காதுகிட்ட நூத்துப் பத்து டெசிபல் வரும். மூணு ஒத்திகை, ஒரு கச்சேரி. பின்னாடி ஒரு பெரிய சிம்பொனி வேற இருக்கு. ஒரு வாரத்துக்கு ஒரு காது தாங்குற அளவு இவ்வளவுதான்னு விதி இருக்குங்க."

"காதடைப்பான் போட்டுக்கலாமே?"

"முப்பது வருஷமா போட்டுட்டுத்தான் வாசிக்கிறேன்."

"சத்தமா இருக்கணும்னுதான் எழுதியிருக்கேன்."

"அது தெரியுது," என்றார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. நம் ஆட்கள் இப்படித்தான்.

ஆலையைப் பற்றி எழுதினால் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி வந்து நிற்கிறார். சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. தூரிகைக்கு அலர்ஜி என்று ஓவியனிடம் சிவப்பைக் குறைக்கச் சொல்வார்களா?

25 மார்ச், திங்கள். கொஸ்கிரந்தா

முதல் ஒத்திகை. இந்த வாரம் அம்மா வீட்டில்தான்.

முதல் பத்து நிமிடம் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அறுபது பேர் என் தலைக்குள் இருந்ததை வாசிக்கிறார்கள்! இசைப்பிரதியை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். 301ஆம் கட்டத்தில் முடிவுப் பகுதி தொடங்கியது. எலும்பில் ஏறியது. இதுதான், இதேதான் என்று நினைத்தேன். அப்போது ஒஸ்மோ கையை உயர்த்தினார். யல்மாரி நிறுத்தினான்.

ஒஸ்மோவின் இசைத்தாள் தாங்கியில் தீப்பெட்டி அளவில் சத்தம் அளக்கும் கருவி ஒன்று. "நூத்துப் பத்து," என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை, வெளியே எத்தனை டிகிரி என்று சொல்வது போலச் சொன்னார். "இதை நான் வாசிக்கப் போறதில்லை. ரெண்டாம் கிளாரினெட்டும் வாசிக்க மாட்டாங்க. பேசிட்டோம்."

நான் எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாது, எழுந்துவிட்டேன். "பஸூன் எடுத்தப்பவே எங்க உட்காரப் போறோம்னு தெரியாதா?" என்று கேட்டேன். அரங்கம் மொத்தமும் காலணியைப் பார்த்தது. டிரம்பெட்காரர் ஒருவர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

யல்மாரி சமாதானம் சொன்னான்: ஒத்திகையில் பாதிச் சத்தம், கச்சேரியில் மட்டும் முழுசு, நடுவே கண்ணாடித் தடுப்பு. ஒஸ்மோ, "தடுப்பு வச்சா என் சத்தமே திரும்பி என் காதுக்குத்தான் வரும்," என்றார். சரியாக இரண்டு மணிக்கு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு அங்கே நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன.

நான் குறைக்க மாட்டேன். முடியாது. குறைத்தால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது? ஏரியா?

26 மார்ச், செவ்வாய். மாலை ஏழு மணி

ஒழுங்காக, நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

இரண்டாம் ஒத்திகையில் முடிவுப் பகுதியைத் தொடவே இல்லை. இடைவேளையில் சிற்றுண்டி அறையில் காலியாக இருந்த ஒரே இடம் ஒஸ்மோவுக்கு எதிரே. வேண்டுமென்றேதான் உட்கார்ந்தேன். அவர் ரை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கும் முன்பே சொன்னார்:

"நேத்து கேட்டியே, எங்க உட்காரப் போறோம்னு தெரியாதான்னு. தெரியாது. இருபத்தாறு வயசுல எவனுக்குத் தெரியும்?"

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றேன். மன்னிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

"இப்படி எதிர்ல உட்கார்ந்து பேசினா எனக்குப் பிரச்சினை இல்ல. உன் உதட்டைப் பார்க்கிறேன். போன்ல சத்தத்தைக் கூட்டி வச்சுக்குவேன். கார்லதான் கஷ்டம். பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து ஏதோ சொல்லுவா. எனக்கு எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்கும். திரும்பத் திரும்ப 'என்ன, என்ன'ன்னு எத்தனை தடவை கேட்கிறது? பேசாம இருந்துடுவேன். அதுல ஒரு வசதி, இந்த நாட்டுல ஒருத்தன் பேசாம இருந்தா ஏன்னு யாரும் கேட்க மாட்டாங்க."

ரொட்டியைக் கடித்தார். நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து. எதிரே பார்த்துக்கொண்டு. மங்கலான விளக்கு. தண்ணீர் சீறும் சத்தம்.

இல்லை. இருக்காது. அம்மாவுக்கு நன்றாகக் காது கேட்கும், சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறாளே — முகத்தையே பார்த்துக்கொண்டு. போனில் பேசவே மாட்டாள். ஐயோ.

வீட்டுக்கு வந்தேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று சாதாரணக் குரலில் சொன்னேன்: "அம்மா, நான் நாளைக்கே ஆஸ்திரேலியாவுக்குப் போறேன்." தட்டைத் துடைத்தாள். "அம்மா, வீடு எரியுது." அடுத்த தட்டை எடுத்தாள்.

தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். "எப்ப வந்தே?"

"எவ்வளவு நாளா காது கேட்கலை உனக்கு?"

சோப்பு நுரையோடு கையை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"சுத்தமா இல்லாம இல்ல. கனமான சத்தம் கேட்கும். லாரி, டிரம், இடி. பேச்சுதான்... பேச்சு போய் பதினஞ்சு வருஷம் இருக்கும். ஆலை டாக்டருக்குத் தெரியும். காதுக்குக் கருவி குடுத்தாங்க, அலமாரியில கிடக்கு. அதை மாட்டினா ஸ்பூன் விழுற சத்தம்கூட மண்டையில இடிக்குது. எங்க கூடத்துல நாங்க எல்லாருமே உதட்டைப் பார்த்துத்தான் பேசுவோம். பழகிப்போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்கிட்டயா? நீ சத்தத்தை வச்சுப் பிழைக்கிறவ. உங்கிட்ட போய் எப்படிடி சொல்றது?"

"அப்ப சவுனாவுல நான் சொன்னது?"

"சவுனாவுல என்ன சொன்னே?"

எல்லாமே, என்றேன். எல்லாத்தையும் அங்கதான்மா சொன்னேன்.

அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், தப்பாகப் படித்துவிட்டோமோ என்பது போல. "நீ ஏதோ பேசுவே, தெரியும். தாடை ஆடுறது பக்கவாட்டுல தெரியும். மனசுல இருக்கிறதைக் கொட்டட்டும்னு விட்டுடுவேன். சவுனாவுல போய், மறுபடி சொல்லு, கேட்கலைன்னு எவளாவது கேட்பாளா?"

பொறியியல் இடத்தை விட்டதைப் பற்றிக் கேட்டேன். அவள் முகம் மாறியது. "அது ஆகஸ்ட்டுல காலேஜ்லேருந்து கடுதாசி வந்துதான் தெரிஞ்சுது. நீயா வாயைத் திறந்து சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலை நீ. நான் என்ன வேத்து ஆளான்னு இருந்துச்சு. சரி, சொல்ல விருப்பமில்லாதவளை நோண்டக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

எட்டு வருடம். எட்டு வருஷமா அவ எம்மேல வருத்தம், நான் அவ மேல வருத்தம். நான் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை தவறாம ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து ஒரே அடுப்பைப் பாத்துக்கிட்டிருந்தோம். சிரிக்கிறதா அழறதா? நான் அழுதேன். அம்மா என் தலையில் ஈரக் கையை வைத்தாள், நுரையோடு.

அந்த 2015 விஷயத்தை இன்று சொல்லவில்லை. முடியவில்லை.

ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. அம்மாவின் காதைத் தின்ற சத்தத்தையே நோட்டு நோட்டாக எழுதி, முதல் பக்கத்தில் அவள் பெயரைப் போட்டு, அவளுக்கே காணிக்கை வைத்திருக்கிறேன். உடன் படையலாக ஒஸ்மோவின் காதுகள்.

27 மார்ச், புதன்

காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். ஒத்திகை பதினொன்றுக்கு. ஆறு மணி நேரம்.

நான் மென்மைக்கு மாறிவிடவில்லை. இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். முடிவுப் பகுதியைச் சன்னமாக்கினால் அது பொய். ஆலை சன்னமாக இருந்ததே இல்லை. ஆனால் உரக்க என்பதற்கு மேலே போவது மட்டும்தான் வழியா? அம்மாவுக்குக் கேட்பது கனமான சத்தம். லாரி, டிரம், இடி. அப்படியானால் மொத்தத்தையும் கீழே இறக்கு. டிரம்பெட் வேண்டாம், சின்னக் குழல்கள் வேண்டாம். டபுள் பாஸ்கள் எட்டும், டியூபாவும், பெரிய டிரம்மும், பஸூன்களும். நான்கு நிமிடமும் தரையிலிருந்து வரட்டும்.

நியாயம்தானா? இல்லை, ஒஸ்மோவுக்குப் பயந்து பின்வாங்கிவிட்டு அதற்குப் பெரிய தத்துவம் கட்டுகிறேனா? பத்தரை வரை எழுதிக்கொண்டே யோசித்தேன். விடை கிடைக்கவில்லை. கிளம்பிவிட்டேன்.

யல்மாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "கடைசி ஒத்திகையிலயா சொல்றே?" நான் ஒவ்வொரு பிரிவாகப் போய்ச் சொன்னேன், அவர்கள் பென்சிலால் அடித்தார்கள். டிரம்பெட்காரர்: "அப்ப நாங்க நாலு நிமிஷம் காப்பி குடிச்சிட்டு வரலாமா?" பக்கத்தில் இருந்தவர்: "உனக்கு அவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியுமா, பாப்போம்." குழுவில் முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டேன்.

ஒஸ்மோவிடம் போனபோது, "உங்களுக்கு வேலை கூடியிருக்கு," என்று புதுத் தாளைக் கொடுத்தேன். நூறு கட்டம் நிறுத்தாமல், பஸூனின் அடிமட்ட நோட்டுகள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை படித்தார்.

"மூச்சு எங்க விடுறது?"

"மாத்தி மாத்தி விடுங்க. முதல் பஸூன்கிட்டப் பேசிக்குங்க."

"சரி."

வாசித்தார்கள். ஒருமுறைதான் நேரம் இருந்தது. முடிந்ததும் ஒஸ்மோ அந்தச் சத்தம் அளக்கும் கருவியைப் பார்த்துவிட்டு அதை எடுத்து உறைக்குள் போட்டார். எண்ணைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "முந்தாநாள் நான் பேசினது தப்பு," என்றேன். "ஆமா," என்றார். கோபமில்லாத ஆமா.

28 மார்ச், வியாழன்

அரங்கேற்றம். அம்மா நீல உடை, ஆறாம் வரிசை, ஓரத்தில். காதுக் கருவியை மாட்டவில்லை, கைப்பையில் வைத்திருக்கிறேன் என்றாள். முதல் பத்து நிமிடம் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த நான் அவள் எத்தனை தாள் திருப்புகிறாள் என்று எண்ணினேன். அவளுக்கு அதில் கேட்க ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும், இருந்தாலும்.

301. டபுள் பாஸ்கள் தொடங்கின. அம்மா கையேட்டை மூடினாள். காலணிகளைக் கழற்றிவிட்டுப் பாதங்களை மரத்தரையில் பதித்தாள். நான்கு நிமிடமும் அசையவில்லை. நான் மேடையைப் பார்க்கவே இல்லை.

கைதட்டல் இருந்தது. எவ்வளவு, எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேடையேறிக் குனிந்தேன், ஒஸ்மோ பஸூனை முழங்காலில் வைத்துக்கொண்டு வியர்வையைத் துடைத்தார், இறங்கிவிட்டேன்.

வெளியே, கோட்டு மாட்டும் இடத்தில், அம்மா என் முன்னால் வந்து நின்றாள். வெளிச்சம் என் முகத்தில் விழும்படி என்னைக் கொஞ்சம் திருப்பினாள்.

"கடைசியில வந்துச்சே, அது நாலாம் இயந்திரம் ஓடுற சத்தமா?"

"ஆமாம்மா."

"தப்பு."

"என்ன?"

"அது ஓடுற சத்தம் இல்ல. காகிதம் அறுந்துபோச்சுன்னா வர்ற சத்தம். அறுந்ததும் மேல் சத்தம் எல்லாம் நின்னு, அடியில இப்படித்தான் உருமும். காலாலேயே தெரியும் எங்களுக்கு. எல்லாரும் ஓடுவோம்." கோட்டின் பொத்தானைப் போட்டாள். "நீ சின்னதுல வந்தியே, அன்னிக்கும் அறுந்துச்சு. அதைத்தான் எழுதியிருக்கே. ஆனா அச்சு அசல். வயித்தைக் கலக்கிடுச்சு."

ஓடுவது எப்படி இருக்கும், என்று மட்டும் கேட்டேன். கார் நிறுத்தம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள், எனக்கு முன்னால் பின்புறமாக நடந்து, கையை ஆட்டி ஆட்டி, பனியில் சறுக்கி விழாமல். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் பார்த்ததில்லை.

30 மார்ச்

உள்ளூர்ப் பத்திரிகை விமர்சனம், ஐந்து வரி: "இறுதிப் பகுதியில் வடக்கத்திய ஏரிகளின் ஆழம் தெரிகிறது."

11 ஏப்ரல். ஹெல்சிங்கி

மறுபடி வாசிக்க யாரும் கேட்கவில்லை. புதுப் படைப்பு ஒன்றை ஒருமுறை வாசிப்பார்கள், இரண்டாம் முறைதான் உண்மையான பரீட்சை. இரண்டு இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். டிரம்பெட் உள்ள வடிவத்தையா, இல்லாததையா என்று ஒருநாள் முழுக்கக் குழம்பி, இல்லாததை அனுப்பினேன். இன்று காலை அதற்காக வருத்தப்பட்டேன். மத்தியானம் வருத்தப்படவில்லை.

அடுத்ததை ஆரம்பித்து மூன்று தடவை கிழித்தாயிற்று. யாரிடமும் கோபமில்லாமல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பழைய கோபம் எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது! உட்கார்ந்ததும் கை தானாக ஓடும். இப்போது ஒவ்வொரு நோட்டும், நான் எதற்கு, என்று கேட்கிறது.

20 ஏப்ரல், ஈஸ்டர் சனி. கொஸ்கிரந்தா

மத்தியானமே சவுனா போட்டுவிட்டாள். உள்ளே நாங்கள் பேசவில்லை. வெயில் சின்ன ஜன்னல் வழியாக அடுப்பில் விழுந்தது. நான் தண்ணீர் ஊற்றினேன்.

பிறகு சமையலறையில் அம்மா உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு, தலையில் துண்டோடு வந்து எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். "சவுனாவுல சொன்னதா நீ சொன்னியே, அதுல இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, இல்ல?" என்றாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "காலேஜ் விஷயம் ஒண்ணுக்கே அன்னிக்கு அவ்வளவு அழ மாட்டே நீ."

சொன்னேன். அந்த அக்டோபரிலிருந்து தொடங்கி. முகத்தைக் கீழே போடாமல் சொல்ல வேண்டியிருந்தது, குனிந்தால் அவளுக்குத் தெரியாது. அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு இடத்தில் குனிந்துவிட்டேன். இரண்டு தடவையும் என் தாடையைத் தொட்டு நிமிர்த்தி, "மறுபடி சொல்லு," என்றாள். மறுபடி சொன்னேன்.

முடிவில் அவள் கேட்டது, "அந்த மூணு மாசமும் நீ என்ன சாப்பிட்டே?"

யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே இல்லை. அப்படியே சொன்னேன். அம்மா அதைத்தான் தாங்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தவள், இதற்கு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

உருளைக்கிழங்கு குழைந்து அடிப்பிடித்துவிட்டது. அவளுக்கு வாசனை வந்தும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் அதையே உப்பும் வெண்ணெயும் போட்டுப் பிசைந்து இருவரும் சாப்பிட்டோம். எனக்கு இரண்டாம் தட்டு அவளே வைத்தாள்.